இருபத்துமூன்று கிலோ

வந்த இரவில் கேட்டேன்,
"வெள்ளம் வேணுமா?"
வீப்கெ கைப்பேசியில் தேடிவிட்டு
ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.
அவள் படித்துவந்த தமிழில்
வெள்ளம் என்றால்
ஆறு கரையை உடைத்துக்கொண்டு வருவது.
குழித்துறைக்கு மேற்கே
அது எவர்சில்வர் செம்பில் வரும்,
பதிமுகம் போட்டு, இளஞ்சிவப்பாக,
நாக்கு சுடும்படி.

விடுதியில் அறுபத்திரண்டு பிள்ளைகள்.
நான் கணக்கெழுதுகிறவள்.
மாடியறையில் இன்னொரு கட்டிலை இழுத்துப் போட்டதும்
நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம்.
முதல் வாரம்
ஏதோ செத்துக்கிடக்கிறது என்று
கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினாள்.
ரப்பர்ஷீட் காயும் வாடை அது.
நான் பிறந்ததிலிருந்து
அது வாடையென்றே தெரியாது எனக்கு.

ஜன்னலோரம் கேரளா டவர்.
அவளுடைய அம்மா அழைத்தால்
ஒரு பெண் மலையாளத்தில் மன்னிப்புக் கேட்பாள்.
கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாடு.
ஆகவே தினமும் இரவு ஒன்பதரைக்கு
கொசுக்களோடு கிணற்றடியில் நிற்கிறாள்.
அங்கே மணி ஆறு.
அம்மா சமைக்கிற சத்தம்
எனக்கும் கேட்கும், துணி எடுக்கப் போனால்.

காவல் நிலையத்தில் படிவம் நிரப்பினோம்.
"என்ன வேலை?"
ஒரு வருடம், சபை மூலமாக, தன்னார்வமாக.
"அதுக்குக் கட்டம் இல்லையே."
எழுத்தர் யோசித்து
"மாணவி" என்று எழுதிக்கொண்டார்.

சமையற்கட்டில் தங்கநேசம் கேட்டாள்,
"சம்பளம் கெடையாதா? அப்பொ எதுக்காக்கும் வந்தா?
அங்க கஞ்சிக்கு வழியில்லையோ?"
மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தாள் வீப்கெ.
"கஞ்சி பிடிக்குமா என்று கேட்கிறாள்" என்றேன்.
பிடிக்கும் என்று தலையாட்டினாள்.
அன்றுமுதல் ராத்திரிக்குக்
கஞ்சியும் பயறும்தான் அவளுக்கு.
என்னால் வந்தது. இன்னும் சொல்லவில்லை.

சொல்லாதது இன்னொன்றும் உண்டு.
மார்த்தாண்டத்தில் சனிக்கிழமைதோறும்
ஜெர்மன் வகுப்புக்குப் போகிறேன்.
பாத்திரக்கடை மாடி, நாற்பது நர்சுகள்,
ஒரு மின்விசிறி.
நானும் நர்சிங் படித்தவள்தான்.
கடன் மூன்று லட்சம்; ஏஜென்டுக்கு இன்னும் இரண்டு.
அவள் ஊருக்குப் போக
நான் பணம் கட்டுகிறேன்.
என் ஊருக்கு வர
அவள் பணம் வாங்கவில்லை.
இதை எந்த வரவுசெலவில் எழுதுவது?

மூன்றாம் ஞாயிறு ஸ்தோத்திரப் பண்டிகை.
ஏலத்தில் ஒரு பலாப்பழத்துக்கு
ஆயிரத்து இருநூறு வரை
கை தூக்கிவிட்டாள்,
கொசு விரட்டத்தான்.
சபையே சிரித்தது.
பழத்தை இருவரும் சுமந்து வந்தோம்,
பால் ஒட்டிய கையால்
கதவைத் திறக்க முடியாமல் நின்றோம்.
அப்போதுதான் அழுதாள்.
பழத்துக்காக இல்லை என்று மட்டும் தெரிந்தது.
தேங்காயெண்ணெய் எடுத்து
விரல் விரலாகத் தேய்த்துவிட்டேன்.
எனக்குத் தெரிந்த ஜெர்மன் சொற்கள் முந்நூறு.
ஒன்றையும் எடுக்கவில்லை.

இன்று பிள்ளைகளோடு
திற்பரப்பு அருவிக்குப் போயிருக்கிறாள்.
அவள் கட்டிலுக்கடியில் விடுதியின் அரிசிமூட்டைகள்;
அதனால் அவளுடைய காலிப்பெட்டி
என் கட்டிலுக்கடியில்.
வெளியே இழுத்தேன்.
மூலையில் கொஞ்சம் சாம்பல்நிற மணல்,
ஒரு கிழிந்த பேருந்துச் சீட்டு.
இரண்டு சேலை, ஒரு சுவெட்டர்
(இனிமேல்தான் வாங்கவேண்டும்; தலையணையை வைத்தேன்),
சான்றிதழ்க் கோப்பு, ஒரு கிலோ நேந்திரங்காய் வற்றல்.
ஜிப்பை மூடித் தூக்கிப் பார்த்தேன்.
லேசாகத்தான் இருந்தது.

கீழே வேன் வந்த சத்தம்.
எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.
மணலை மட்டும்
இருந்த இடத்திலேயே விட்டேன்.

ஈரத்தலையோடு படியேறி வந்தவள்
வாசலிலிருந்தே கேட்கிறாள்,
"விஜிலா, கொஞ்சம் வெள்ளம்."