அவசரத்துக்கு யாரை அழைக்க

இந்த ஊரில் மலை என்பது முகவரியில் வரும் சொல்.
மலபார் ஹில், கம்பாலா ஹில், பாலி ஹில்.
வாடகை ஏற ஏற உயரமும் கூடும்.
எங்கள் ஆன்டாப் ஹில்லிலும் எங்கோ ஒரு மலை உண்டு என்பார்கள்.
பதினெட்டு வருஷத்தில் அங்கே எனக்கு மூச்சு வாங்கியது
தண்ணீர் லாரி வரும் நாள்களில் மட்டும்.

கல்லூரி கேன்டீன் வாசலில் மேசை போட்டு
மலையேற்றக் கழகத்துக்கு ஆள் சேர்த்தார்கள்.
பக்கத்து மேசை நாடகக் குழு; கூட்டமெல்லாம் அங்கே.
இங்கே ஒரு கயிற்றுச் சுருளுக்குப் பின்னால்
சம்யக் தனியாக வடாபாவ் தின்றுகொண்டிருந்தான்.
பாவமாக இருந்தது. அதனால்தான் சேர்ந்தேன்.
காரணம் கேட்பவர்களுக்கு வேறு சொல்லியிருக்கிறேன்.

சந்தா முன்னூற்றைம்பது.
ரத்த வகை: தெரியாது.
முன் அனுபவம்: ஒரு கோடு.
அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்:
அப்பாவுக்கு நைட் ஷிப்ட், பகலில் எடுக்க மாட்டார்.
அம்மா எடுப்பாள். எடுத்ததும் அழுவாள்,
யார் பேசுவது என்று கேட்பதற்கு முன்பே.
அண்ணன் எண் கடன்காரர்களுக்குத் தக்க மாறும்.
யோசித்துப் பார்த்து
என் எண்ணையே எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறு. குர்லாவில் வண்டி மாறி
மும்ப்ராவில் இறங்கும்போது மணி ஆறரை.
பார்சிக் மலைமேல் மழை
பிழியாத துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.
வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன்.
பொய்க்குத் துணையாகப் பையில் கணக்கியல் புத்தகம்,
அறுநூறு பக்கம்.
அதையும் பாறைவரை சுமந்தேன்.

எட்டு முடிச்சு கற்றுத்தந்தார்கள்.
லைசென்ஸுக்கு எட்டு போடுவது போலத்தான்,
போன தடத்திலேயே கயிறு திரும்பி வரவேண்டும்.
கீழே எனக்குக் கயிறு பிடித்தவள் ருதுஜா, தாதர்க்காரி.
அதுவரை என்னிடம் பேசியது இரண்டு வாக்கியம்.
ஒன்று, உன் பெயரை எப்படிச் சொல்வது.
இசக்கி என்றேன். ஈசாகி என்றாள்.
விட்டுவிட்டேன்.

பன்னிரண்டடி இருக்கும்.
இடது கால் ஒரு பாசியை நம்பியது.
வகுப்பறை இங்கிலீஷ், கடைத்தெரு இந்தி,
பஸ்ஸில் இடம் கேட்கும் மராத்தி
எல்லாம் ஒரே நொடியில் கைவிட்டுப் போக
"பிடி!" என்று கத்தினேன்.
"பிடிடீ!"

பிடித்தாள்.
இடுப்பைக் கவ்விய கயிற்றில் ஒரு சுற்று சுற்றினேன்:
தண்டவாளம், மொட்டைமாடிகள், தார்ப்பாய்கள், கழி,
அண்ணாந்து பார்க்கும் ஓர் ஆடு,
மறுபடி கறுப்புப் பாறை.
முழங்காலில் தோல் இல்லை.

இறக்கிவிட்டுக் கேட்டாள், பிடி என்றால் என்ன?
சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கே உறைத்தது.
மழை பிடித்துக்கொள்ளும். சளி பிடிக்கும். பைத்தியம் பிடிக்கும்.
ஒரு ஆளைப் பிடித்துப்போகும், காரணமே இல்லாமல்.
அத்தனைக்கும் எங்களிடம் ஒரே பிடிதான்.
"பகடோ" என்று மட்டும் சொல்லிவைத்தேன்.
அவள் உள்ளங்கையைக் காட்டினாள்.
குறுக்கே சிவப்பாக ஒரு கோடு.

மேம்பாலப் படியில் ஓடி வண்டியைப் பிடித்ததும்
சம்யக் கோப்பைப் புரட்டினான்.
"இது உன் நம்பர்தானே?
நீ விழுந்தா உன்னையே கூப்பிடணுமா நான்?"
பேனாவை நீட்டினான். ருதுஜா சிரிப்பை அடக்கப் பார்த்தாள்.

அப்போது அம்மா அழைத்தாள்.
"என்னடி இப்படி மூச்சு வாங்குது?"
"ஏறினேன்மா."
"ஏன், காலேஜ்ல லிஃப்ட் இல்லையா?"
"இல்லை" என்றேன்.
இன்று சொன்னதில் அது ஒன்றுதான் முழுப் பொய் இல்லை.

கல்வாவில் வண்டி நின்றபோது அவள் எண்ணை எழுதினேன்.
கடைசி ஏழு எழுதும் முன் வண்டி கிளம்பிவிட்டது;
ஏழு ஒன்றைப் போல விழுந்தது.
அடித்து, பக்கத்திலேயே
இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.