கோடம்பி ஏறிய இரவு

தேவனஹள்ளி, இரவு ஒன்று நாற்பது.
வெளியே பதினாறு டிகிரி.
கூடத்துக்குள் நான்கு.
கனத்த கதவுக்கு அந்தப் பக்கம் மைனஸ் பதினெட்டு.
மீசை நரைத்து அங்கிருந்து வருவேன்,
டீ வருவதற்குள் கறுத்துவிடும்.

இன்றைக்கு ஹோசூர்ச் சரக்கு, ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு.
பரோட்டா, துருவிய தேங்காய், இட்லி.
நாற்பத்தெட்டுப் பெட்டி.
அந்த இட்லியை நினைத்தால் எனக்கு வியப்புத்தான்.
செவ்வாய்க்கிழமை வெந்தது,
ஆறுவதற்குக்கூட நேரம் தராமல் உறையவைத்துவிட்டார்கள்.
இன்னும் அதற்குச் செவ்வாய்க்கிழமைதான்.
அங்கே யாரோ உறையைக் கிழித்து ஆவியில் வைத்து எடுத்தபின்
விட்ட இடத்திலிருந்து ஆறத் தொடங்கும்.

பெட்டிக்குப் பெட்டி டிரை ஐஸ்.
அதற்கு உருகத் தெரியாது.
கல்லாக இருக்கும், பிறகு காற்றாக இருக்கும்,
நடுவில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது.
"இறுக்கி மூடாதே, வெடிக்கும்.
அது மூச்சு விடட்டும்.
ஆனா அது விட்ட மூச்சை
வேற எந்த உயிரும் இழுக்கக் கூடாது."
பயிற்சியில் நஸ்ரீன் மேடம் சொன்னது.
அப்போது தேர்வுக்காகத்தான் எழுதிக்கொண்டேன்.

இரண்டு ஐந்துக்கு ஏற்றுப் பட்டியல் வந்தது.
அதே விமானம், அதே அடிவயிறு.
கடைசி வரியில்: உயிர், ஒன்று.
நாய். கூண்டோடு நாற்பத்தொரு கிலோ.
பெயர் கோடம்பி.
முந்திரிக்குக் கன்னடத்தில் அப்படித்தான்.

தாளின்படி இருவருக்கும் இடமுண்டு.
டிரை ஐஸ் தொண்ணூறு கிலோ,
நடுவே விதி தலையாட்டும் அளவுக்குத் தூரம்.

தராசு தலையாட்டவில்லை.
தாளைவிடத் தொண்ணூற்றாறு கிலோ கூடுதல்.
முனிராஜு ஒரு பெட்டியின் டேப்பைக் கீறினான்.
இட்லி எண்ணிக்கை சரி.
புகைந்துகொண்டிருந்ததுதான் இரண்டு மடங்கு.

ஹோசூரில் தணிகாசலத்தை எழுப்பினேன்.
"போன மாசம் வழியில இளகி ரெண்டு லட்சம் போச்சு சார்.
பயத்துல பசங்க ஒரு கை கூடப் போட்டுட்டாங்க.
தாள்ல என்ன இருக்கோ அதைப் பாருங்க."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
அவர் வீட்டு மின்விசிறி எனக்குக் கேட்டது.
என் கூடத்தின் இரைச்சல் அவருக்குக் கேட்டிருக்கும்.
"நாய்க்கு நாளைக்கு ஃபிளைட் இல்லையா சார்?"

கெட்ட மனுஷர் இல்லை.
போன தீபாவளிக்கு எங்கள் ஷிப்ட் மொத்தத்துக்கும்
மிக்சர் அனுப்பியவர்.

கையுறையோடு கையெழுத்துப் போட முடியாது.
கழற்றினேன்.
இறக்கு என்றேன்.

உறைகூடத்தில் மங்களூர் இறால் நிரம்பியிருந்தது.
நகர்த்தி, நெருக்கி, திட்டு வாங்கி
நாற்பத்து நான்கு பெட்டிக்கு இடம் பிடித்தோம்.
நான்கு தேங்காய்ப் பெட்டிகள் கதவுக்கு வெளியே
மைனஸ் பதினொன்று, மைனஸ் ஏழு என்று ஏறிக்கொண்டிருந்தன.
பதிவுக்கருவியில் சிவப்பு விளக்கு.
ஒருமுறை எரிந்துவிட்டால்
எந்தக் குளிராலும் அதை அணைக்க முடியாது.

பீன்யாவுக்குப் போன் போட்டு
காலை எட்டுக்குப் புது டிரை ஐஸ் சொன்னேன்.
பில் யார் பேருக்கு என்று கேட்டான்.
அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

மூன்று ஐம்பதுக்கு விமானம் எழும்பியது.
மேலே ஏதோ ஓர் இருக்கையில் கோடம்பியின் வீட்டார்
சைவமா அசைவமா என்ற கேள்விக்குக்
காத்திருப்பார்கள்.

இறக்கியதற்குக் காரணம் என்று படிவத்தில் ஒரு கட்டம்.
'மூச்சு' என்று எழுதி
அடித்துவிட்டு
'எடை வேறுபாடு' என்று எழுதினேன்.

முனிராஜு அந்த நான்கு பெட்டியையும்
அழிக்கத் தள்ளிக்கொண்டு போனான்.
பாதி வழியில் நின்று,
ஏத்தும்போது குரைச்சுதா என்று கேட்டான்.

இல்லை.
கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டி
வாசனையே இல்லாத இட்லிப் பெட்டிகளின் பக்கம்
மோந்துகொண்டே போனது.