இமைக்கு ஒரு பற்றுச்சீட்டு

டாம் வீதி இரும்புக்கடையில்
முப்பத்தொரு வருஷமாய் பில் சரிபார்க்கிறேன்.
ஒரு பெட்டி ஆணி குறைந்தாலும் என் பேனை நின்றுவிடும்.
அப்படிப்பட்ட என்னிடம்
லொறிக்காரர், தேத்தண்ணிப் பொடியன், முதலாளியின் மருமகள்
எல்லாருக்கும் ஒரே கேள்வி:
“என்ன யோகமலர், அழுதனீங்களோ?”

இல்லை.
கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள், அவ்வளவுதான்.
அப்பாவின் சொத்தில்
வழக்கில்லாமல் எனக்கு வந்து சேர்ந்தது அது மட்டும்.
அவர் செத்தபோது நான் அழவில்லை;
அன்றைக்குத்தான் ஒருவரும் கேட்கவில்லை.
வாங்காத கடனுக்கு வட்டி கட்டுவதுபோல
வராத அழுகைக்கு ஆறுதல் வாங்கிக் களைத்துப்போனேன்.

முதலில் வெள்ளவத்தை, ஜூஸ் கடைக்கு மேல்மாடி.
ஏசிக் குளிர், மல்லிகை மணக்கும் மெழுகுதிரி,
“டொக்டர்” என்று பித்தளைப் பலகை.
இந்த மாசம் பாதி விலை அன்ரி,
இண்டைக்கே கட்டினால் உதட்டுக்கு ஊசி இலவசம்.
உதட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.
பதிவு இலக்கம் கேட்டேன்.
சேர் சிங்கப்பூரில் படித்தவர் என்றாள் பெட்டை.
சிங்கப்பூரில் எங்கே, எத்தனை நாள்?
சிரித்தாள்.
பில்லின் கடைசி வரியில் “இதர” என்று
ஒரு தொகை போட்டிருப்பார்களே, அந்தச் சிரிப்பு.
மயக்கமருந்து யார் தருவது?
அதுவும் சேர்தான்.
ஒப்பரேஷன் எங்கே?
திரைச்சீலையை விலக்கிக் காட்டினாள்:
தலை கழுவும் கதிரை,
அதன் காலடியில் யாரோ விட்டுப்போன கொண்டை ஊசி.

மறுநாள் மதியம், சோற்றுப் பார்சலை விரிக்காமல்
மருத்துவ சபைக்குப் போன் எடுத்தேன்.
பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
அப்படி ஒருவர் இல்லை.
இரண்டாவது பெயர்?
இருக்கிறார், பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்.
எந்த வருஷத்திலிருந்து என்றும் கேட்டு
ஆணிக்கணக்குக் கொப்பியின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

நாரஹேன்பிட்டி. என் நம்பர் நாற்பத்தாறு.
மூன்று மணித்தியாலம் கதிரையில்.
டொக்டர் வெலிவிட்டவுக்கு உடைந்த தமிழ்,
எனக்கு உடைந்த சிங்களம்,
நடுவில் இங்கிலீஷ் நொண்டி நொண்டி வந்தது.
படங்கள் காட்டினார். முன்பு, பின்பு.
எல்லாம் நல்ல கண்கள்.
நல்ல தக்காளியைக் கடைக்காரன் மேலேதான் அடுக்குவான்.
“பிழைச்சது ஒண்டைக் காட்டுங்கோ.”

தாதி நிமிர்ந்து பார்த்தாள்.
அவர் பேனையை மூடி வைத்தார்.
கம்பியூட்டரில் கனநேரம் தேடினார்,
தேடினாரா, யோசித்தாரா தெரியாது.
ஒரு கண் மட்டும். முகம் இல்லை.
கீழிமை இழுபட்டு வெள்ளை தெரிந்தது.
திரும்பவும் செய்தேன், காசு வாங்கவில்லை,
இன்னும் முழுதாய்ச் சரியில்லை என்றார்.
உங்களுக்கும் நடக்கலாம்,
நூறில் ஒன்று இரண்டு என்பது
அந்த ஒருவருக்கு நூறுதான் என்றார்.

அந்த இடத்தில்தான் முடிவெடுத்தேன்.

மிஸிஸ் அருளப்புவின் சீட்டை
கழிவு கூறி ஐந்தாம் மாசமே எடுத்தேன்.
“என்னத்துக்குப் பிள்ளை இவ்வளவு நட்டத்தில?”
பல்லுக்கு என்றேன்.
பல்லென்றால் ஒருவரும் மேலே கேட்பதில்லை.
ஒரு சோடிக் காப்பு செட்டியார் தெருவுக்குப் போனது.
காசைக் கைப்பையின் உள்மடிப்பில் ஊசி குத்தி
நூறாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

ஆஸ்பத்திரிக் கவுன்டரில் அச்சடித்த மதிப்பீடு:
நிபுணர், மயக்கமருந்து நிபுணர், அறை, நூல்.
நூலுக்கும் தனி விலை. இருக்கட்டும்.
ஒளித்து வைக்காத விலை எனக்கு வலிப்பதில்லை.
ஒவ்வொரு வரியாய் விரல் வைத்து இறங்கினேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்த பிள்ளை
என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்:
“அழாதேங்கோ அன்ரி, சின்ன ஒப்பரேஷன்தானே.”

“அழேல்லை.
பஞ்சு ரெண்டு தரம் விழுந்திருக்கு,
ஒண்டை வெட்டுங்கோ.”