மஃப்ளர் போட்டு வைத்த இடம்

பெள்ளி,
கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று
ஜோஷ்வா என் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டான்.
நாலு நாள் என்றான்.
மெக்கானிக்கின் நாலு நாள் உனக்குத் தெரியும்.
அதனால்தான் பஸ் ஏறினேன்.
மனம் திருந்தி அல்ல.

குன்னூர் ஸ்டாண்டில் எட்டே கால் பஸ்.
ஷட்டர் பாதியில் சிக்கி நின்றது.
யாரோ மடக்கிய குடையிலிருந்து
என் ஷூவுக்குள் சொட்டுச் சொட்டாக மழை.
வெலிங்டனில் ஏறிய ஒருவர்
அருவங்காடு வருமுன்பே என் தோளில் தூங்கிவிட்டார்.
தலையில் தைல வாசனை.
நான் நகரவில்லை.
பதினோரு வருடம் இதே சாலையில் போய் வந்தும்
ஒருவர் பாரமும் என்மேல் விழுந்ததில்லை,
வங்கிக் கடனைத் தவிர.

கேத்திப் பள்ளத்தாக்கை
இதுவரை நான் பார்த்ததே இல்லை என்பது
அன்றுதான் தெரிந்தது.
பார்த்ததெல்லாம்
முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு.
கீழே, வாரி விட்டதுபோல் காரட் பாத்திகள்.
ஒரு நீலத் தார்ப்பாய்
பறந்துவிடப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எல்லநள்ளி தாண்டி, மூன்றாவது வளைவில்
மிஸ்டுக்குள் காட்டெருமை.
நடுரோட்டில்.
ஆல்துரை அண்ணன் இன்ஜினை அணைத்தார்.
ஹாரன் அடிக்கவில்லை.
"அதுக்கும் ஆபீஸ் இருக்கும்ல" என்றார்.
பஸ் முழுக்கச் சிரிப்பு,
என் தோள்காரர் விழித்துக்கொண்டு
எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

பொழுது போகாமல்
பின்கண்ணாடியைத் துடைத்து எண்ணினேன்.
ஒரு கார், ஒரு தலை.
ஒரு கார், ஒரு தலை.
ஒரு வெள்ளைக் காரில் ஒரு தலை,
பக்கத்து சீட்டில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது லேப்டாப் பை.
தெரிந்தவரை பதினேழு கார். பத்தொன்பது தலை.
கண்டக்டரிடம் கேட்டேன், எங்கள் கணக்கு
அறுபத்திரண்டு,
மடியில் இருப்பதைச் சேர்க்காமல்.

எட்டாவது கார் உன்னுடையது.

கை ஹாரனில் இருந்தது.
கண்ணாடிக்குள் உன் வாய் அசைந்தது.
சத்தம் கேட்கவில்லை, வசனம் தெரியும்:
"இந்த டூரிஸ்ட் வண்டிங்களால..."
அதே வளைவில் நானும் சொன்னதுதான்.
அவர்கள் இ-பாஸ் வாங்கி வருகிறார்கள்.
நமக்கு வேண்டாம், நாம் உள்ளூர்.
டி.என். 43 என்றால்
புகை மணக்குமா, பெள்ளி?

ரோட்டை அகலமாக்கச் சொல்லி
நாம் இருவரும்தான் மனுவில் கையெழுத்துப் போட்டோம்.
மலையை அறுத்தார்கள்.
ஐப்பசி மழையில் அறுத்த இடம் இறங்கி
ஒரு வாரம் ஒருவரும் ஆபீஸ் போகவில்லை.
பத்தொன்பது தலைக்கு
எதற்கு அவ்வளவு அகலம்?

அன்று சேரிங்கிராஸில் இறங்கி
டீயும் வர்க்கியும் முடித்து
வாயைத் துடைக்கும்போது பார்த்தேன்,
பார்க்கிங் தேடி
நீ இரண்டாவது சுற்றில் இருந்தாய்.

ஒன்பதாம் நாள் வண்டி வந்துவிட்டது.
விற்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன்.
அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக,
கடைசி பஸ்ஸை விட்ட இரவுக்கு,
வீட்டுக்கு முன்னால் நிற்கிறது.
அதன் கூரையில் பக்கத்து வீட்டுப் பூனை
குடிவந்துவிட்டது.

குறையும் இருக்கிறது, மறைக்கவில்லை.
சில நாள் எட்டே கால் என்பது எட்டரை.
சில நாள் நின்றுகொண்டே.
போன வாரம் ஒரு குழந்தை
என் சாப்பாட்டுப் பை பக்கமாக வாந்தி எடுத்தது.
ஆனாலும் இடது கால் இப்போது
இரவில் வலிப்பதில்லை.

திங்கட்கிழமை எல்லநள்ளியில் நில்.
இடப்பக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னல்.
என் பச்சை மஃப்ளர் கிடக்கும்.
வெலிங்டனில் கேட்பார்கள், அருவங்காட்டில்
ஷிப்ட் முடிந்தவர்கள் முறைப்பார்கள்.
"ஆள் வருது" என்று
சொல்லிக்கொண்டே வருவேன்.

ஆள் வருதா, பெள்ளி?