சாட்சி எண் பதினான்கு

எல்லிஸ் நகர் மாடி.
மின்விசிறி காகிதங்களைப் பறிக்கப் பார்க்கிறது.
ஜெனீவாவுக்கு மாற்று அறிக்கை,
நாளை நள்ளிரவு கடைசி.
பத்தாயிரத்து எழுநூறு சொல்தான் கணக்கு,
ஒன்றுகூடக் கூடாது.
நாலு மாவட்டத்து இழவுகளை
அதற்குள் மடித்து வைக்கிறேன்.

‘சுடுகாட்டுப் பாதை மறிப்பு’க்கு
ஆங்கிலத்தில் ஒன்பது சொல் செலவாகிறது.
அடிக்குறிப்புக்கு இறக்குகிறேன்.
அங்கேயும் பிணம்
வயலைச் சுற்றித்தான் போகிறது.

உடன்படிக்கையின் முதல் பிரிவில்
நிறத்துக்கும் தேசத்துக்கும் நடுவே
வம்சாவளி என்றொரு சொல்
மாட்டுத்தாவணி பஸ்ஸில் தொற்றிக்கொண்ட ஆள் மாதிரி
ஒருக்களித்து நிற்கும்.
அதன் தோளைப் பிடித்துத்தான்
நாங்கள் எல்லாரும் ஏறினோம்.
‘சாதி வேறு, இனம் வேறு’ என்று
ஒவ்வொரு முறையும்
இறக்கிவிடப் பார்க்கிறார்கள்.

பஞ்சவர்ணம் வந்திருந்தார்.
ஐப்பசி மழையில்
இடுப்பளவு வயல்நீரில்
புருசனைச் சுமந்தவர்களுக்கு முன்னால்
அரிக்கேன் விளக்கோடு நடந்தவர்.
எழுதியதைப் படித்துக் காட்டினேன்:
‘சாட்சி எண் பதினான்கு. பெயர் வெளியிடப்படவில்லை.’

“ஏன் வெளியிடல?”

பாதுகாப்பு என்றேன்.
ஊரில் தெரிந்தால் என்று இழுத்தேன்.

“ஊருக்குத் தெரியாததா?
நானூறு தலைக்கட்டும் வரப்புல நின்னு பாத்துச்சு.
அம்பத்தி மூணு வருசமா
‘ஏய்’னுதான் கூப்புடுறாங்ய.
நீ நம்பரச் சொல்லிக் கூப்புடுற.”

வக்கீல் ரூபஸ் அண்ணனுக்குப் போன் போட்டேன்.
மூன்று தடவை கேட்கச் சொன்னார்.
மூன்று தடவையும் கேட்டேன்.
ஒப்புதல் தாளில்
ஞ்-ஐ மட்டும் ரொம்ப நேரம் வரைந்தார்.

பெயர் சேர்ந்ததும்
கணக்கில் ஒரு சொல் கூடிப்போயிற்று.
‘துரதிர்ஷ்டவசமாக’ என்று ஒன்று இருந்தது.
அதை எடுத்தேன்.

ஆகஸ்ட்.
இங்கே ஆறேமுக்கால், அங்கே மூணேகால்.
மடிக்கணினியில் அந்த நீள அறை தெரிந்தது.
எங்கள் கிளாடிசுக்கு இரண்டு நிமிடம்.
ஒன்றரையில் மூச்சு வாங்கினாள்.
அப்புறம் குழுவில் ஒருவர்
கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு
தாளைப் பார்த்து வாசித்தார்:
பாஞ்சா… வார்னாம்.
அந்தப் பாதை இப்போது திறந்திருக்கிறதா என்று
அரசிடம் கேட்கப்போவதாகச் சொன்னார்.

“யாரச் சொல்றாரு?”
“உங்களத்தான்.”

திரைக்குக் கிட்டே குனிந்தார்.
படம் சிக்கி,
அந்த மனிதரின் வாய் பாதி திறந்தபடியே நின்றது.
“தப்பாச் சொல்றாரு” என்றார்.
கொஞ்சம் கழித்து,
“சொல்லட்டும்.”

பரிந்துரை வரும்.
அதற்குப் பதில் வர ஒரு வருசம்.
வேலிமுள்ளை இந்த வாரந்தான்
புதிதாக வெட்டிப் போட்டிருக்கிறார்களாம்.

ஏழரை பஸ்ஸுக்கு எழுந்துவிட்டார்.
அது காலனியில் நிற்காது.
விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும்.
இருட்டில் ஒன்றரை மைல் நடக்க வேண்டும்.
செருப்பை மாட்டிக்கொண்டே
படியில் திரும்பி,
“அத எழுதுனியா?” என்றார்.

எழுதவில்லை.