பின்பக்கத்து எண்

கூலிங் காயிலில் ஓட்டை.
காயிலுக்கு நானூறு, கூலிக்கு அறுநூறு என்றான் ஜம்ரி.
டேஷ்போர்டை முழுசாக இறக்கவேண்டும்,
காசு அதற்குத்தான்.
கூலி என் கையிலேயே இருக்கிறது என்று
ஆலை லீவு ஞாயிறில்
பேட்டரியின் கறுப்பு முனையைக் கழற்றினேன்.

லாபிஸ் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
தகரக் கொட்டகையில் என் செலிக்கா.
எண்பத்தெட்டாம் வருஷத்தது.
சிவப்பு என்று கிராண்டில் இருக்கிறது.
வெயில் வேறு மாதிரி சொல்கிறது.

முதலில் ஸ்டீரிங்.
அப்புறம் ரேடியோ, சாம்பல் கிண்ணம்,
கதவு வைத்த சின்னப் பெட்டி.
திருகுகளை முட்டை அட்டையில் போட்டு
குழிக்குக் குழி பென்சிலில் பெயர் எழுதினேன்.
வாரம் ஆறு நாள்
செம்பனை எண்ணெயில் அமிலம் அளக்கிறவள் நான்,
பெயரில்லாத சீசாவைத் தொடமாட்டேன்.

எல்லாத் திருகும் வந்துவிட்டன.
அது மட்டும் வரவில்லை.
கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு உட்கார்ந்த மாமா மாதிரி
இழுத்தால் முனகுகிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.
டார்ச்சை வாயில் கடித்து
மல்லாந்து படுத்துத் தேடினால்
கடிகாரத்துக்குப் பின்னால் ஒன்று.
யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்த திருகு.

அதன் பிறகு
அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மலை
மடியில் சாய்ந்தது.

உள்ளே:
செம்பருத்தி போட்ட இருபது காசு, இரண்டு.
மை வெளுத்த நாலு நம்பர் சீட்டு.
எலி சேர்த்துவைத்த செம்பனைக் கொட்டைகள்,
ஒரு பக்கம் மட்டும் கொறித்தது.
இத்தனை நாள் காற்றில் வந்த வாசம் இதுதானா.

மீட்டரைத் திருப்பினேன்.
முன்பக்கம் எண்பத்தேழாயிரம்.
பின்பக்கம் பென்சிலில்
இரண்டு லட்சத்துப் பதிமூவாயிரத்து நானூற்று ஆறு,
ஒரு தேதி,
கீழே சீனத்தில் மூன்று எழுத்து.

சுற்றிவிட்டவனே எழுதியிருக்கிறான்.
ஊருக்கு ஒரு எண்,
தனக்கு ஒன்று.

வேலிக்கு மேலே நீட்டிக் காட்டினேன்.
உண்மை என்றோ மன்னிப்பு என்றோ இருக்கும்
என்று நினைத்திருந்தேன்.
லியூ அக்கா கண்ணாடியை ஏற்றிப் படித்து
"பெல்ட் மாத்தியாச்சு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நின்றது.

போன மாதம் சிகாமாட்டிலிருந்து பெண் பார்க்க வந்த சேந்தன்
காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு
காருக்குள் போய் உட்கார்ந்தார்.
மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"முப்பத்தாறுக்கு
ரொம்பக் குறைச்சலா ஓடியிருக்கு."
காரைத்தான் சொல்கிறார் என்று
பெருமையாகத் தலையாட்டினேன்.

ஜாதகத்தில் என் வயது முப்பத்தாறு.
அம்மா சுற்றிவிட்டது. பேனாவால், அடித்தல் திருத்தல் இல்லாமல்.
பிறந்த நட்சத்திரத்தைக்கூட
அதற்குத் தக்கபடி நகர்த்தியிருந்தாள்.

மீட்டரின் முதுகைப் படமெடுத்து
அவருக்கு அனுப்பினேன்.
ஒரு சொல்லும் எழுதவில்லை.
சாம்பல் நிறத்தில் ஒரு டிக். இரண்டு டிக்.
தண்டவாளத்தில் கூட்ஸ் ஒன்று
நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது.

காயிலைப் பொருத்தினேன்.
மாட்டுவதற்கு முன்
பெல்ட்டுக்குக் கீழே நானும் எழுதினேன்,
இன்றைய தேதி, காயில் மாற்றியது,
இன்னும் இடமிருந்ததால்
முப்பத்தொன்பது.

இருட்டிவிட்டது.
முட்டை அட்டையில் ஒரு திருகு மிச்சம்.
அதன் குழியில் பெயர் இல்லை.

குளிர் வருகிறது.
சிகாமாட் ரோட்டில் மூன்றாவது கியர் போட்டால்
எங்கேயோ கிர்ர் என்கிறது.