எட்டேகால் அடி

திற்பரப்புக்குப் போகிற சுற்றுலாப் பேருந்துகள்
எங்கள் கல்லூரி வாசலில் நிற்பதில்லை.
விலங்கியல் துறையின் பின்கட்டில்
இப்படி ஓர் அறை இருப்பது
மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறவர்களுக்கே தெரியாது.

சாவி என்னிடம்.
சித்திரை விடுமுறையில் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு
ஜாடிகளுக்கு ஃபார்மலின் நிரப்புவேன்.
நாற்பது வருடமாக வெளுத்துக்கொண்டே இருக்கும் கணவாய்,
கீரிப்பாறையில் லாரி ஏறிய மலைப்பாம்பு,
ஒரு கண் கண்ணாடி, மறு கண் சட்டைப் பொத்தான்
என்று முறைக்கிற இருவாட்சி.
பொத்தான், நான் வைத்தது.

மகளைச் சேர்க்க வந்த ததேயுஸ், தூத்தூர்க்காரர்,
கட்டணம் வாங்குமிடத்தில் சாப்பாட்டு நேரம் என்றதால்
உள்ளே வந்தார்.
சுவரில் தொங்கும் சுறாத் தாடைக்கு முன் நின்றவர்
நகரவில்லை.
பார்த்தது பல்லை அல்ல,
மூலையில் துருவேறிக் கிடந்த தூண்டில் முள்ளை,
அதில் மிச்சமிருந்த ஒரு சாண் கம்பியை.

"முறுக்கு இடப்பக்கமா ஓடுது, பாருங்க.
எங்க துறையில இடக்கையன் ஒருத்தன்தான்.
என் தம்பி."

மஸ்கட்டில் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிற ஜெலஸ்டின்
வண்டியை ஓரம்கட்டிவிட்டு
அண்ணனின் கைபேசிக்குள் வந்தான்.
"அவனேதான்!"
பத்தொன்பது வருடம் முன்னால்
கம்பியை அறுத்துக்கொண்டு போனவன்.
பன்னிரண்டு அடி என்று சொன்னதற்கு
கல்யாண வீடுகளில் சிரித்தார்கள்,
பன்னிரண்டடி என்றே பட்டப்பெயர் விழுந்தது,
விமானம் ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.
எல்லாம் அந்த வெயிலில் நின்றபடி சொன்னான்.

"மேடம், புக்குல என்ன போட்டிருக்கு?"

பதிவேட்டை எடுத்தேன்.
பக்கத்தில் பாதியைச் செல் தின்றிருந்தது,
அந்த வரியைத் தொடவில்லை.
இரையுமன்துறையில் கரை ஒதுங்கியது.
பெண்.
நீளம்…

ததேயுஸ் என் முகத்தையே பார்த்தார்.
ஒரு சொல்தான், மாற்றிச் சொல்லியிருக்கலாம்.
பறவைக்குப் பொத்தானைக் கண்ணாக வைத்தவள்தானே நான்.

"எட்டேகால் அடி" என்றேன்.

மஸ்கட்டில் ஏதோ ஒரு லாரி
ஹாரன் அடித்துக் கடந்து போயிற்று.

"அது செத்த பிறகு அளந்தது," என்றான் ஜெலஸ்டின்.
"தண்ணிக்குள்ள பன்னிரண்டு."

கவுண்டர் திறந்தாயிற்று என்று மகள் வந்து கூப்பிட்டாள்.
அவர்கள் போனபிறகு
அந்த வரியின் கடைசியில், குறிப்பு என்ற கட்டத்தில்,
யாரும் எதுவும் எழுதியிராத கட்டத்தில்
நீல மையால் எழுதினேன்:

இடமுறுக்குக் கம்பி. தூண்டிலிட்டவர் ஜெலஸ்டின், தூத்தூர்.
உயிரோடு இருந்தபோது
பன்னிரண்டு அடி என்கிறார்.